உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி

ஸ்ரீராம்புரம்,
10-9-1956

காந்தாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. கோபத்தோடு எழுதுகிறேன், நீயும் அப்படியே படி.

ஆடி மாதத்திலிருந்து நீ வீட்டுப் பக்கம் வரவில்லை. நாமாவது போய்ப் பார்க்கலாம் என்று நேற்று மங்களாவுக்குத் தலை பின்னி, நீ வாங்கிக் கொடுத்த பச்சைப் பாவாடையைக் கட்டி, இரண்டு பஸ் மாறி உன் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்தேன். நீ வராந்தாவில் ஒரு வாளியோடு நின்றுகொண்டிருந்தாய். எங்களைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. மங்களா, "அதோ காந்தாம்மா!" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நீ வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாட்ச்மேன் வந்து, "கொழந்தைய வெச்சிக்கினு இங்க நிக்கவே கூடாதும்மா. ஹோகி, ஹோகி" என்று கன்னடத்தில் போகச் சொல்லி எங்களை ஆடுமாடு போல விரட்டினான்.

பஸ்ஸில் வரும்போது அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "என்னைப் பாத்து ஏம்மா ஓடறாங்க? நான் கெட்ட பொண்ணா?" என்றாள். உன் புருஷன் தவறிப்போனபோது அவள் தொட்டிலில் கிடந்தாள். நீ நர்ஸ் வேலைக்குப் படிக்க வேண்டும், ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும் என்றாய். வயிற்றில் ஒன்றும் தங்காத எனக்கு அவளைக் கொடுத்துவிட்டுப் போனாய். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். என்னைத்தான் அம்மா என்கிறாள். அதற்காகப் பெற்றவள் அவளைக் கண்டு ஓடலாமா?

பதில் எழுது. எழுதாவிட்டால் இனி நானும் எழுத மாட்டேன்.

வள்ளியம்மா


ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்,
12-9-1956

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஓடியது உண்மைதான். நீங்கள் வந்து நின்றபோது என் ஏப்ரனில் ஒரு குழந்தை அப்போதுதான் இருமித் துப்பியிருந்தது. காற்று கேட் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. மங்களா கம்பியில் வாயை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

ஊரில் தொண்டை அடைப்பான் பரவியிருக்கிறது, அக்கா. பேப்பரில் பெரிதாகப் போடுவதில்லை. குழந்தைகளுக்குத் தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஆடை படிந்து மூச்சை அடைக்கும். சீக்கிரம் கொண்டுவந்தால் சீரம் ஊசி போட்டுக் காப்பாற்றிவிடலாம். நேரம் கடந்து வருகிற குழந்தைகளுக்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்கிறார்கள். அந்தக் குழாயில் சளி அடைக்காமல் பக்கத்திலேயே ஒருத்தி உட்கார்ந்து சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கண் அயர்ந்தாலும் குழந்தை போய்விடும்.

ஆனால் ஒரு குழந்தைக்கு ஒருத்தி எங்கே இருக்கிறாள்? எங்களில் சிலர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள், சிலர் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருக்கிற நாங்கள் பகல் டியூட்டி முடித்து, சாதத்தை நின்றபடியே விழுங்கிவிட்டு, இரவு டியூட்டிக்குப் போகிறோம். மறுநாள் காலையில் மேட்ரன், "கொஞ்சம் பார்த்துக்கோம்மா, வேற ஆளே இல்ல" என்பார். அவரும் அழுதுவிடுவார் போலத்தான் இருக்கிறது. கேட்டை மூடிவிட்டார்கள். யாருக்கும் லீவு இல்லை.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். முந்தாநாள் என் கையில் ஒரு குழந்தை இறந்துபோயிற்று. முகத்தைத் துடைத்து, துணி மூடி, கையைக் கழுவினேன். அப்புறம் சமையல்கட்டுக்குப் போய்க் காபி கேட்டேன். காபியில் சர்க்கரை குறைவு என்று ஆயா எல்லம்மாவோடு சண்டை போட்டேன். பாதிச் சண்டையில் அவள் என்னையே பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அழுகை வரவில்லை, அக்கா. உள்ளே தேடிப் பார்க்கிறேன், ஒன்றுமே இல்லை. நோயைவிட அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மங்களாவிடம் நான் ஓடவில்லை, வேலை இருந்தது என்று சொல்.

காந்தா


ஸ்ரீராம்புரம்,
15-9-1956

காந்தா,

உன் கடிதத்தை உறை பிரித்ததும் மருந்து வாடை மூக்கில் ஏறியது. உன் மாமா அதை விறகு அடுப்பின் மேல் காட்டிவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். "அவ எழுதினதுல நோய் ஒட்டிக்கினு வந்துட்டா?" என்கிறார். மில்லில் அவரோடு வேலை செய்கிறவருடைய பேத்திக்கும் தொண்டை வீங்கியிருக்கிறதாம்.

கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது பயம் உட்கார்ந்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டு வந்துவிடு. சர்க்கார் உத்தியோகம், விட்டால் கிடைக்காது என்று உன் மாமா சொல்வார். சொல்லட்டும். ராகிக் களி இருக்கிறது, அதைப் பங்கு போட்டுச் சாப்பிடுவோம்.

செத்த குழந்தைக்கு அழவில்லை என்று எழுதியிருக்கிறாய். நம் அப்பா செத்தபோதும் நீ மூன்றாம் நாள்தான் அழுதாய், ஞாபகம் இருக்கிறதா? உனக்கு எல்லாம் தாமதமாகத்தான் வரும். கல்லாகிவிட்டேன் என்று நீயே உன்னைச் சொல்லிக்கொள்ளாதே.

மங்களாவைத் தெருக் குழாயடிக்குக்கூட அனுப்புவதில்லை. வீட்டுக்குள்ளேயே ஸ்லேட்டில் கிறுக்குகிறாள்.

வள்ளியம்மா


ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்,
21-9-1956

அன்புள்ள அக்காவுக்கு,

மௌரீனைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. மர்பி டவுனில் தையல் கடை வைத்திருக்கும் பெர்னார்ட் என்பவரின் மகள். போன வருஷம்தான் பயிற்சி முடித்தாள். எப்போதும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பாள். குழந்தைகளுக்கு அவள் என்றால் உயிர்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் இரண்டு குழாய்க் குழந்தைகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் காலையில் டியூட்டிக்கு ஏறியவள், இறங்கவே இல்லை. நான் அந்தக் கோடியில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வார்டில் காதால்தான் வேலை. ஒவ்வொரு குழாயும் சீறிக்கொண்டிருக்கும். சீறுகிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். திடீரென்று ஏதோ குறைந்தது போலிருந்தது. என்னவென்று புரியச் சற்று நேரம் பிடித்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் வலது பக்கத்துக் குழந்தையின் உதடு நீலமாகிவிட்டது. உள்குழாயை இழுத்தேன், ஊதினேன், குலுக்கினேன். வரவில்லை.

மௌரீன் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் பஞ்சு அப்படியே இருந்தது. இத்தனை கலவரத்துக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. மேட்ரன் தோளைப் பிடித்து உலுக்கியபோது கண்ணைத் திறந்து, "இதோ, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மேடம்" என்றாள்.

மறுநாள் சூப்பரிண்டெண்ட் எங்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். என்னிடம் ஒரே கேள்விதான். "அந்தப் பெண் தூங்கினாளா, இல்லையா?"

"தூங்கினாள், சார்" என்றேன்.

எப்போதிலிருந்து விழித்திருந்தாள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்தது நான்தான் என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன். என்னோடு வேலை செய்யும் பிரிஜெட்டும் அப்படித்தான். எல்லோரும் அப்படித்தான்.

அன்று சாயங்காலமே மௌரீனைப் பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய ஸ்டூலில் இப்போது நான் உட்காருகிறேன்.

காந்தா


ஸ்ரீராம்புரம்,
24-9-1956

காந்தா,

நீ வாயைத் திறக்காதது நல்லதாகப் போயிற்று. திட்டு என்னை, பரவாயில்லை. பெரிய மனிதர்களிடம் நாம் நியாயம் பேசி எப்போது ஜெயித்தோம்? போன வருஷம் மில்லில் கூடுதல் நேர வேலையைப் பற்றிப் பேசப் போன நான்கு பேரை வெளியே தள்ளினார்கள். உன் மாமா பின்வரிசையில் நின்றதால் பிழைத்தார்.

ஆனால் அந்தப் பெண் "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயும் அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறாய்? ஸ்டூலில் உட்காராதே. நின்றுகொண்டே இரு. நின்றால் தூக்கம் வராது.

என்ன எழுதுகிறேன் பார். உட்கார் என்று சொல்ல வேண்டியவள் நிற்கச் சொல்கிறேன்.

வள்ளியம்மா


ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்,
2-10-1956

அக்கா,

நின்றுகொண்டும் தூக்கம் வருகிறது. கண்ணைத் திறந்துகொண்டும் வருகிறது. நேற்றுதான் எனக்கு அது தெரிந்தது.

காலையில் ஒரு பெண் குழந்தையைச் சேர்த்தார்கள். அல்சூரிலிருந்து வந்தது. சீரம் போடச் சொல்லி டாக்டர் வைத்தீஸ்வரன் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மருந்தை எடுத்தது ஞாபகம் இருக்கிறது. பத்து மணி சுமாருக்கு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் காலி ஊசியோடு நிற்கிறேன். போட்டேனா? பக்கத்துக் கட்டிலுக்குப் போட்டுவிட்டு இங்கே வந்து நிற்கிறேனா? தெரியவில்லை. மருந்தை எடுத்ததற்கும் அங்கே நின்றதற்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, அக்கா. மறந்துபோனது மாதிரி இல்லை. அந்த நேரம் முழுக்க நான் அங்கே இல்லாத மாதிரி இருந்தது.

குழந்தையின் தொடையைப் பார்த்தேன். பெனிசிலின் ஊசி போட்ட தடமும் இருக்கிறது, வேறு தடமும் இருக்கிறது. "கண்ணு, அக்கா ஊசி போட்டேனா?" என்று கேட்டேன். எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற வயசு. தலையாட்டினாள். எல்லம்மா காலிச் சீசாக்களை ஏற்கெனவே கொண்டுபோய்க் கொட்டிவிட்டாள்.

போடாமல் விட்டிருந்தால் குழந்தை போய்விடும். சொன்னால் என் வேலை போய்விடும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மௌரீனுக்காகச் சொல்லாத வாய் இது. பிறகு எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை, டாக்டர் அறை வாசலில் நின்றேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்ளங்கையால் கண்ணைத் தேய்த்தார். அவர் முகமும் மண் நிறத்தில் இருந்தது.

"ரெண்டு தடவை போட்டா ஆபத்து கம்மி. போடாம விட்டா உயிர் போயிடும். இன்னொரு தடவை போடுவோம். நானே போடறேன்" என்றார். போட்டு முடித்துவிட்டு, "மேட்ரன்கிட்ட இதைச் சொல்லாதே. உன்னையும் அனுப்பிட்டா நான் யாரை வெச்சுக்கிட்டு இந்த வார்டை நடத்தறது?" என்றார்.

குழந்தை இன்று காலை பால் குடித்தது. பிழைத்துவிடும். எனக்குத்தான் ஊசியை எடுத்தாலே சந்தேகம். ஒவ்வொன்றையும் போட்டவுடன், "போட்டுட்டேன், போட்டுட்டேன்" என்று உரக்கச் சொல்லிக்கொள்கிறேன். பைத்தியம் என்று குழந்தைகள் சிரிக்கின்றன. நேற்றுச் சொன்னேன். நாளைக்கு நடப்பது எனக்கே தெரியாமல் போனால், யார் போய் டாக்டரிடம் சொல்வது?

காந்தா


ஸ்ரீராம்புரம்,
5-10-1956, வெள்ளிக்கிழமை மத்தியானம்

காந்தா,

தபாலில் போட நேரம் இல்லை. உன் மாமா கையில் கொடுத்து அனுப்புகிறேன். கேட்டில் நிற்பார். பதில் எழுதிக் கொடு.

மங்களாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். வெறும் சளி என்று நினைத்துக் கஷாயம் கொடுத்தேன். இன்று காலையில் கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியிருக்கிறது. எச்சில் விழுங்க முடியவில்லை. வாயில் ஒரு கெட்ட வாடை. விளக்கைக் காட்டிப் பார்த்தேன். நீ எழுதினாயே, சாம்பல் நிறத்தில் ஆடை என்று. அது இருக்கிறது என்று தோன்றுகிறது. இல்லை என்றும் தோன்றுகிறது. என் கண்ணை நம்ப முடியவில்லை.

பக்கத்து வீட்டு முத்தம்மா, "அம்மன் வந்திருக்கா, வேப்பிலை கட்டு, வெளிய கொண்டுபோவாதே" என்கிறாள். உன் மாமா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்கிறார். நான்தான் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறேன். எப்படி அனுப்புவேன்? உன் கடிதத்தையெல்லாம் படித்தவள் நான். அங்கே ஸ்டூலில் தூங்குகிறார்கள். ஊசி போட்டேனா தெரியவில்லை என்கிறார்கள். என்னை உள்ளே விட மாட்டார்கள். என் குழந்தையை அந்த வார்டில் யாரை நம்பி விடுவேன்? நீ இருக்கிறாய் என்று சொல்லாதே. உன்னை நம்பித்தான் பயப்படுகிறேன்.

மூச்சு விடும்போது சத்தம் வருகிறது. சொல், என்ன செய்யட்டும்?

வள்ளியம்மா


ஆஸ்பத்திரி,
5-10-1956

அக்கா,

உடனே கொண்டுவா. இந்த வரியைப் படித்ததும் கிளம்பு. ஜட்கா கிடைத்தால் ஜட்கா, எது கிடைத்தாலும். வேப்பிலை வேண்டாம், கஷாயம் வேண்டாம், வாயில் ஒன்றும் ஊற்றாதே. மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள். வழியில் முகம் நீலமானால் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பிடி.

நான் எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனாலும் கொண்டுவா. இங்கே பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். வீட்டில் வைத்திருந்தால் நிச்சயம் போய்விடுவாள்.

நீயும் வா. உன்னை உள்ளே விடுகிறேன். யார் தடுத்தாலும் விடுகிறேன். நான் தூங்கினால் நீ என்னை அடித்து எழுப்பு.

காந்தா


குழந்தைகள் வார்டு,
11-10-1956

காந்தா,

மங்களா இருக்கிறாள். முதலில் அதைப் படித்துக்கொள்.

எல்லம்மா இந்தக் காகிதமும் பென்சிலும் கொடுத்தாள். என் கையெழுத்து இந்த லட்சணத்தில் இருப்பதற்கு மன்னித்துக்கொள், ஒரு கண் குழாய் மேல் இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை நீ பாதிதான் பார்த்தாய். குழந்தையை மேஜை மேல் படுக்க வைத்து டாக்டர் கழுத்தில் கத்தி வைத்தபோது நீ விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாய். விளக்கு ஆடவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. இவள் கல்லா என்று நினைத்தேன். குழாயிலிருந்து முதல் சீறல் வந்ததும் நீ விளக்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சுவரோரமாகச் சரிந்தாய். அப்போதும் அழவில்லை. "போட்டுட்டேன், சீரம் போட்டுட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாய்.

மறுநாள் சூப்பரிண்டெண்ட் ரவுண்டு வந்தபோது என்னைப் பார்த்துவிட்டு, "இந்த அம்மாளை யார் உள்ளே விட்டது?" என்று கேட்டார். நீ, "நான்தான், சார்" என்றாய். நோய் வார்டில் வெளி ஆளைச் சேர்த்ததற்காக உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, தொண்டையில் பஞ்சு விட்டுச் சோதித்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். என்னையும் போகச் சொன்னார். நான் கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "வேணும்னா கையை வெட்டிட்டு இழுத்துக்கினு போங்க" என்றேன். டாக்டர் வைத்தீஸ்வரன் அவரை ஒரு பக்கமாகக் கூட்டிப் போய் என்னவோ இங்கிலீஷில் சொன்னார். அதற்கப்புறம் யாரும் என்னிடம் வரவில்லை.

குழாயைச் சுத்தம் செய்யப் பிரிஜெட் எனக்குக் கற்றுக் கொடுத்தாள். இப்போது பக்கத்துக் கட்டில் குழந்தையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் குழந்தையின் அம்மா கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாளாம். உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள்.

பயமாக இருக்கிறது, காந்தா. சீறல் நின்றுவிடுமோ என்று என் மூச்சையே பிடித்துக்கொண்டு கேட்கிறேன். நீ இதை மாதக்கணக்காகக் கேட்டாயா?

உன் மாமாவுக்குச் சோறு வடித்துக் கொடு. நீயும் தூங்கு.

அக்கா


ஸ்ரீராம்புரம்,
14-10-1956

அன்புள்ள அக்காவுக்கு,

தூங்கினேன். வந்த அன்று பாயில் விழுந்தவள் எழுந்தபோது மறுநாள் மில் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. மாமா தானே சமைத்து எனக்கு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். அதைச் சாப்பிட உட்கார்ந்தேன். மங்களாவின் ஸ்லேட் அங்கேயே கிடந்தது. தட்டில் கையை வைத்தேன், அவ்வளவுதான். சத்தம் கேட்டு முத்தம்மா ஓடி வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறினாள். எத்தனையோ குழந்தைகளுக்குச் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன். பெயர்கூடத் தெரியாத குழந்தைகளுக்கு.

நேற்று மௌரீனின் அப்பா பெர்னார்ட் இங்கே வந்தார். என் விலாசத்தைப் பிரிஜெட் கொடுத்திருக்கிறாள். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார்.

"அவ தூங்கறதே இல்லம்மா. கண்ண மூடினா கொழந்த செத்துடும்னு சொல்றா. உக்காந்தே கெடக்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, அவ பேர்ல முழுத் தப்பும் இல்லன்னு. வேலைக்காக இல்ல. அவ காதுல விழணும்" என்றார்.

வருகிறேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பயம்தான், வேறென்ன. என் வேலை பாதி போய்விட்டது. மங்களாவும் நீயும் உள்ளே அவர்கள் கையில் இருக்கிறீர்கள். இப்போது நான் சூப்பரிண்டெண்டிடம் போய் ஏதாவது பேசினால் உங்களை என்ன செய்வார்களோ. அவரிடம், "என் குழந்தை உள்ளே இருக்குதுங்க" என்றேன். தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை.

நீ என்ன சொல்கிறாய், அக்கா? போகவா? போகாதே என்று நீ எழுதினால் போக மாட்டேன்.

காந்தா


குழந்தைகள் வார்டு,
19-10-1956

காந்தா,

நேற்று மங்களாவின் குழாயை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருக்கிறது. குரல் காற்றாகத்தான் வருகிறது. ஆனாலும் இரண்டு வார்த்தை பேசினாள். "தண்ணி" என்றாள். கொஞ்சம் கழித்து, "காந்தாம்மா எங்க?" என்றாள். இருதயம் பலவீனமாக இருக்கும், இன்னும் சில வாரம் எழுந்து உட்காரவே விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன்.

அதே மத்தியானம் பிரிஜெட் விழுந்துவிட்டாள். தட்டோடு விழுந்தாள், ஊசியெல்லாம் சிதறின. எல்லம்மாவும் நானும் தூக்கிக் காலிக் கட்டிலில் படுக்க வைத்தோம். முன்னூறு பேருக்கு நின்றுகொண்டே சமைத்தவள் மாதிரி உள்ளங்கால் வெடித்திருந்தது. தண்ணீர் தெளித்ததும் எழுந்து, "எந்தக் குழாய், எந்தக் குழாய்?" என்றாள். அந்த நேரத்தில் வார்டில் இத்தனை குழந்தைகளுக்கும் வேறு நர்ஸ் இல்லை. நானும் ஆயாவும்தான். நான் யார்? மில் தொழிலாளியின் பெண்டாட்டி. என்னை நம்பி அந்தக் குழந்தைகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

போகாதே என்று எழுதத்தான் பென்சிலை எடுத்தேன். முன்னே நீ வாயைத் திறக்காதது நல்லது என்று எழுதியவளும் நானே. இங்கே உட்கார்ந்து பார்த்த பிறகு அப்படி எழுத முடியவில்லை. எங்களை என்ன செய்வார்களோ என்று எனக்கும் பயம்தான். ஆனால் இப்படியே போனால் இன்னொரு மௌரீன், இன்னொரு குழந்தை. அது நம் குழந்தையாகவே இருந்திருக்கும்.

போ. அந்தப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போ. பகலில் போ, மாமாவைத் துணைக்கு வைத்துக்கொள்.

அக்கா


ஸ்ரீராம்புரம்,
7-11-1956

அன்புள்ள அக்காவுக்கு,

சூப்பரிண்டெண்டைப் பார்க்க மூன்று தடவை நடந்தேன். திங்கட்கிழமைதான் உள்ளே விட்டார். பெர்னார்ட் தன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்றார். மாமா வெளி வராந்தாவரைக்கும் வந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன்.

"அந்தப் பெண் தூங்கினாளா என்று நீங்கள் கேட்டீர்கள், சார். தூங்கினாள் என்றேன். முந்தின நாள் காலையிலிருந்து அவள் இறங்கவே இல்லை என்பதை நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவும் இல்லை. நான்கூட ஒரு குழந்தைக்கு மருந்து போட்டேனா இல்லையா என்று தெரியாமல் நின்றேன். அதற்காக என்னையும் அனுப்புங்கள். ஆனால் மிச்சமிருப்பவர்களும் அப்படித்தான் நிற்கிறார்கள்" என்றேன்.

டாக்டர் பெயரை நான் சொல்லவில்லை.

அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். மேஜை மேல் கிடந்த தாள்களை ஒதுக்கினார், மறுபடியும் சேர்த்து வைத்தார். "ஆள் வேண்டும் என்று நான் எத்தனை முறை மேலே எழுதிவிட்டேன், தெரியுமா உனக்கு? யாரும் கொடுக்கவில்லை. நான் எங்கே போவேன்?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும், இவரும் பயந்துபோயிருக்கிறார் என்று புரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் கலக்கமாக இருந்தது.

"அம்மாக்கள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள், சார். ஒரு குழாய்க் குழந்தைக்கு ஒருத்தியை உள்ளே விடுங்கள். நாங்கள் கற்றுக் கொடுக்கிறோம். எங்களுக்கு ஒரு டியூட்டி போதும்" என்றேன்.

கடைசியில், குழாய் வைத்த குழந்தைகளுக்கு மட்டும், அதுவும் பகலில் மட்டும் என்றார். இரட்டை டியூட்டியைப் பற்றி, "பார்க்கலாம்" என்று சொன்னார். மௌரீன் விஷயத்தை மறுபடி விசாரிப்பதாகவும் சொன்னார். செய்வாரா, தெரியாது. அவள் இனி இந்த வேலைக்கு வர மாட்டாளாம். ஆனால் பெர்னார்ட் வெளியே வந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "இதப் போயி அவகிட்ட சொல்றேன்மா" என்று வேகமாக நடந்து போனார். அவர் ஓடினார் என்றே சொல்ல வேண்டும்.

என்னைத் திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். ஆள் இல்லாததால்தான் கூப்பிடுகிறார்கள், மன்னித்து அல்ல. வருகிற திங்கட்கிழமை சேர்கிறேன். போக வேண்டாம் என்று காலையில் தோன்றுகிறது, போகத்தான் வேண்டும் என்று மத்தியானம் தோன்றுகிறது. ஒரு டியூட்டி முடிந்ததும் இறங்கிவிடுவேன் என்று மேட்ரனிடம் சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தலையசைத்தார். அன்றைக்கு ஒரு குழந்தை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தால் எப்படி இறங்குவேன் என்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை மங்களாவை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் வைத்தீஸ்வரன் சொல்லியனுப்பினார். தீபாவளி வெடிகள் எல்லாம் முடிந்து தெரு அமைதியாக இருக்கிறது. முத்தம்மாவிடம் சத்தம் போடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் வீட்டில் இருப்பேன். நீ தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

தொண்டைத் தசை இன்னும் சரியாகியிருக்காது. தண்ணீராகக் கொடுத்தால் மூக்கு வழியே வந்துவிடும். ராகியைக் கெட்டியாகக் கூழ் காய்ச்சி வைக்கிறேன். அதில் வெல்லம் போட்டால் அவளுக்குப் பிடிக்குமா, உப்புப் போட்டால் பிடிக்குமா? எனக்குத் தெரியவில்லை, அக்கா. அடுத்த தபாலிலேயே எழுதி அனுப்பு.

காந்தா